இல்லாத பட்டியலைத் தேடியவர்

நடேசனின் பெயர் லிஸ்டில் இருக்கிறது என்று எனக்குச் சொன்னவள் கிரிஜா. கிரிஜாவுக்குச் சொன்னது சுகன்யாதேவி. சுகன்யாதேவிக்குச் சொன்னது அவள் கணவர் கிருஷ்ணமூர்த்தி. கிருஷ்ணமூர்த்திக்கு யாரும் சொல்லவில்லை. அவராகவே கண்டுபிடித்தார். கண்டுபிடிப்பதற்கென்றே பிறவி எடுத்தவர் அவர்.

ஜெர்மனியில், எர்லாங்கன் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், சைக்கிள் நிறுத்தும் இடத்தில், கிரிஜா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பேசினாள்.

"சுபா, உன் பொண்ணு ரிலே டீம்ல இருக்கா இல்ல? இந்த சனிக்கிழமை ப்ராக்டிஸுக்கு அனுப்பாத."

"ஏன்? என்னாச்சு?"

"கோச் நடேசன் ரெஜிஸ்டர்டு அஃபெண்டராம். சின்னப் பிள்ளைங்க மேட்டர். கிருஷ்ணமூர்த்தி ப்ரூஃபே அனுப்பியிருக்கார்."

ப்ரூஃப் என்பது ஒரு புகைப்படம். கட்டம் போட்ட ஒரு தாள். மேலே நீளமான ஜெர்மன் தலைப்பு, அதன் பக்கத்தில் ஏதோ ஒரு சட்டப்பிரிவின் எண். கீழே ஒரே ஒரு பெயர்: நடேசன். படத்தின் வலது ஓரத்தை ஒரு கட்டைவிரல் மறைத்திருந்தது. நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவள். ஆறு வருடமாக இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட வேலை பார்க்கிறேன். ஆனாலும் சட்டப்பிரிவு எண் போட்ட ஜெர்மன் தாள் எதைப் பார்த்தாலும் நான் என்ன தப்புச் செய்தேன் என்று தேடத் தொடங்கிவிடுவேன். விசா அலுவலகம் என்னை அப்படிப் பழக்கியிருக்கிறது. தாளை நான் படிக்கவில்லை, பயந்தேன். அன்று மாலையே நடேசனுக்கு, மகளுக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பினேன்.

இது நடேசனின் கதை என்று நினைத்துவிட வேண்டாம். நடேசனிடம் கதையாக்கும் அளவுக்கு எதுவும் இல்லை. அவர் சொன்னதைச் செய்கிற மனிதர். இது கிருஷ்ணமூர்த்தியைப் பற்றியது.

கிருஷ்ணமூர்த்தி கரூரில் பிறந்தார். அப்பா மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுவது வேலை. யார் வீட்டில் ஏசி ஓடுகிறது, யார் வீட்டில் ஆள் இல்லாமலே விளக்கு எரிகிறது என்றெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது மகனுக்குச் சொல்வாராம். இதைக் கிருஷ்ணமூர்த்தியே பெருமையாக என்னிடம் சொன்னார். "அப்பாவுக்கு ஊரே ஒரு டேட்டாபேஸ்." கோயம்புத்தூரில் பொறியியல் படிப்பு, பெங்களூரில் மூன்று வருடம், பிறகு அமெரிக்காவில் டல்லஸ் பக்கம் ஒரு புறநகரில் எட்டு வருடம்.

அங்கேதான் அவருக்கு ஞானம் கிடைத்தது.

அந்த நாட்டில் பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்று வெளியே வந்தவர்களின் பட்டியலை அரசாங்கமே இணையத்தில் போட்டுவைத்திருக்கிறது. நம் அஞ்சல் எண்ணைத் தட்டினால் வரைபடம் விரியும். அதில் சிவப்புப் புள்ளிகள். புள்ளியைத் தொட்டால் முகம், உயரம், எடை, வீட்டு முகவரி, எந்த வருடம் என்ன குற்றம் என்று எல்லாம் வரும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெற்றோர்கள் பார்ப்பதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் தவறு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எனக்கும் பெண் குழந்தை இருக்கிறாள். கிருஷ்ணமூர்த்தி அதை வேறு விதமாகப் பார்த்தார். சிலர் காலையில் பேப்பர் பார்ப்பது போல, இன்னும் சிலர் ராசிபலன் பார்ப்பது போல.

வாடகைக்கு வீடு தேடியபோது புள்ளிகளுக்காகவே ஏழு வீடுகளைத் தட்டிக்கழித்தார். எட்டாவது வீட்டுக்குக் குடிபோன பிறகு, இரண்டு தெரு தள்ளி ஒரு புள்ளி இருப்பதைப் பார்த்தார். இரண்டு வருடம் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் மகளைத் தள்ளுவண்டியில் பூங்காவுக்கு அழைத்துப் போனார். காரில் அந்த வீட்டைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து, சுகன்யாதேவியிடம் "பாத்தியா, ஸ்க்ரீன் போட்டிருக்கான்" என்பார். இன்னொரு நாள், "பாத்தியா, ஸ்க்ரீனைத் திறந்து வெச்சிருக்கான்." அந்த மனிதர் அவர்கள் குடிவருவதற்கு மூன்று மாதம் முன்பே இறந்துவிட்டார், வீட்டில் இருந்தது வயதான அவருடைய தங்கை மட்டும் என்பது பக்கத்து வீட்டுக்காரி பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. யாரும் அந்தப் புள்ளியை அழிக்கவில்லை. சுகன்யாதேவி இதைச் சொல்லிச் சிரித்தாள். கிருஷ்ணமூர்த்தி சிரிக்கவில்லை. "அது அப்டேட் இஷ்யூ. சிஸ்டம் கரெக்ட்தான்" என்றார்.

வேலை விசாவில் ஏதோ சிக்கல் வந்து, ஐந்து வருடத்துக்கு முன் எர்லாங்கனுக்கு வந்தார். பெரிய மின்னணு நிறுவனம், நல்ல சம்பளம், சைக்கிள். வந்த முதல் வாரமே பட்டியலைத் தேடினார். கிடைக்கவில்லை. ஜெர்மனில் தேடினார், மொழிபெயர்ப்பு செயலியில் தேடினார், உலகத்துப் பட்டியல் எல்லாம் எங்களிடம் இருக்கிறது என்று விளம்பரம் செய்த ஏதோ ஒரு இணையதளத்துக்குப் பணம் கட்டித் தேடினார். அது அவருடைய தெருவில் மூன்று பல் மருத்துவர்களைக் காட்டியது.

"இவ்வளவு பெரிய நாடு, ஒரு ரெஜிஸ்ட்ரி இல்ல. நம்ப முடியுதா?" என்று எந்தப் பிறந்தநாள் விழாவிலும் கேக் வெட்டும் முன் கேட்பார். நகர மேயருக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். பதில் ஜெர்மனில் நாலு வரி வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதது ஒன்றுதான் பாக்கி. 'எர்லாங்கன் தமிழ்ப் பேரன்ட்ஸ்' என்ற வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி அவர்தான். வெள்ளை வேன் நின்றால் படம் வரும். பூங்கா பெஞ்சில் தனியாக ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தால் படம் வரும். ஒருமுறை வந்த படத்தில் இருந்தவர் என் ஆய்வுக்கூடத் தலைவர். பேரனை ஊஞ்சலில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் அதைக் குழுவில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இங்கே சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் இலங்கைத் தமிழர்கள் தொடங்கியது. ஒரு தேவாலயத்தின் கூடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். சமீப வருடங்களில் எங்களைப் போன்ற இந்தியத் தமிழர்களும் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறோம். சேர்த்த கையோடு அதைச் சீர்திருத்தவும் தொடங்கிவிட்டோம். கிருஷ்ணமூர்த்தி தன்னைத் தானே 'ஸேஃப்டி கோஆர்டினேட்டர்' ஆக்கிக்கொண்டார். அப்படி ஒரு பதவி அதற்கு முன் இருக்கவில்லை. ஏழு பேர் உட்காரும் அவருடைய கார் மட்டும் உபயோகமாக இருந்தது. சனிக்கிழமை மதியம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து ஓட்டப் பயிற்சி மைதானத்துக்கு ஏற்றிக்கொண்டு போவார்.

மைதானத்தில் நடேசன் இருப்பார். அறுபத்துமூன்று வயது. எண்பத்தாறில் இலங்கையிலிருந்து அகதியாக, கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு பையோடு இறங்கியவர். ரொட்டித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருட வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜெர்மனியில் இருக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கிடையே வருடந்தோறும் விளையாட்டுப் போட்டி நடக்கும். அதற்கு எங்கள் பிள்ளைகளைப் பதினாறு வருடமாக அவர்தான் தயார் செய்கிறார். என் மகள் உட்பட நாலு பெண்கள் அடங்கிய அஞ்சலோட்டக் குழு இந்த வருடம் ஸ்டுட்கார்ட்டில் ஓட வேண்டும். "கோலைப் பாக்காதை பிள்ளை, ஓடு! கோல் உன்ரை கைக்கு வரும்!" என்று, கைமாற்றும் குச்சியைக் காட்டி அவர் கத்துவது ஆற்றங்கரை வரை கேட்கும்.

சென்ற குளிர்காலத்தில் நகராட்சியிலிருந்து பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. மைதானத்தைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டுமானால், பிள்ளைகளோடு பழகும் தொண்டர்கள் எல்லோரும் விரிவான நன்னடத்தைச் சான்றிதழ் காட்ட வேண்டும். பள்ளியின் செயலாளர் மிதுசா. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். பள்ளியில் வகுப்பு எடுப்பதில்லை, காகித வேலை மட்டும் பார்க்கிறாள். ஒன்பது தொண்டர்களுக்கு ஒன்பது கடிதம் தயாரித்துக் கையில் கொடுத்தாள்.

எட்டுப் பேரின் பதில்களை மிதுசா பிறகு எனக்குச் சொன்னாள். நடன ஆசிரியை, "என்னையோ சந்தேகப்படுறாய்?" என்று அழுதுவிட்டார். பள்ளியின் தலைவர் பரராசசிங்கம், "நான் கோயில் நிர்வாகத்திலை இருக்கிறன், எனக்கேன் கடுதாசி?" என்றார். மூன்று பேருக்கு நகராட்சி அலுவலகத்தில் டெர்மின் கிடைக்கவில்லை; அதாவது முன்பதிவு செய்ய அவர்கள் முயலவே இல்லை. இரண்டு பேர் கடிதத்தைத் தொலைத்தார்கள். கிருஷ்ணமூர்த்தி, "என் கம்பெனி ஏற்கனவே பேக்ரவுண்ட் செக் பண்ணிட்டாங்க, எனக்கு அப்ளை ஆகாது" என்றார். நாட்டில் பட்டியல் இல்லை என்று மேயருக்குக் கடிதம் எழுதிய அதே கிருஷ்ணமூர்த்திதான்.

நடேசன் மறுநாள் காலை வேலை முடிந்த கையோடு போய் விண்ணப்பம் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிக அனுமதித் தாளில் பதினொரு வருடம் இந்த நாட்டில் இருந்தவர் அவர். காகிதம் கேட்டால் கொடுத்துவிட வேண்டும், உடனே கொடுக்க வேண்டும், கேட்டதற்கு மேல் ஒரு நகலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் உடம்பில் ஊறிப்போன பழக்கம். இரண்டு வாரத்தில் சான்றிதழ் தபாலில் வந்தது. மிதுசாவிடம் காட்டினார். அவள் பார்த்தாள், சட்டப்படி தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள், பார்த்த தேதியைத் தன் அட்டவணையில் குறித்தாள். அந்த அட்டவணை கோப்புக்குள் போனது, கோப்பு கூடத்து அலமாரிக்குள் போனது.

அந்த அலமாரியை ஒரு சனிக்கிழமை கிருஷ்ணமூர்த்தி திறந்தார். முதலுதவிப் பெட்டி தேடினேன் என்றார். இருக்கலாம். கோப்பின் முதுகில் எழுதியிருந்ததைச் செயலியில் மொழிபெயர்த்துப் பார்த்தார். உள்ளே தாளை எடுத்தார். தலைப்பைத் தட்டினார், சட்டப்பிரிவைத் தட்டினார். அது எதற்கான பிரிவு என்று செயலி சொன்னது: பிள்ளைகள், பாலியல் குற்றம். கீழே ஒரு பெயர். ஒரே ஒரு பெயர்.

ஐந்து வருடமாகத் தேடிய பட்டியல் கிடைத்துவிட்டது! ஜெர்மன்காரர்கள் அதை மறைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். தாளின் மேல் கைபேசியைப் பிடித்தார், கட்டைவிரலும் சேர்ந்து படத்தில் விழுந்தது. 'கான்ஃபிடென்ஷியல், நம்பிக்கையானவர்களுக்கு மட்டும்' என்று தலைப்புப் போட்டு நாற்பத்திரண்டு பேருக்கு அனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமை மைதானத்துக்கு ஒரு பிள்ளைகூடப் போகவில்லை. நடேசன் மாலை வரை தாண்டும் தடைகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல் எப்பிடி?"

"பரவாயில்லை அண்ணை. கொஞ்சம் இருக்கு."

"மற்ற மூண்டு பேருக்கும் காய்ச்சலாம். நாலு பேருக்கும் ஒரே கிழமையிலை. ஏதும் பரவுதோ தெரியேல்லை. மல்லித் தண்ணி குடுங்கோ. ஸ்டுட்கார்ட்டுக்கு இன்னும் ரெண்டு கிழமைதான் கிடக்கு, ஓடேலாமல் போனாலும் பரவாயில்லை, பிள்ளை சுகமாகட்டும்."

பக்கத்து அறையில் என் மகள் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள். கயிறு தரையில் அடிக்கும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். "வைக்கிறேன் அண்ணை, டாக்டர் கூப்பிடறார்" என்று சொல்லி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் எந்த டாக்டர் கூப்பிடுவார் என்று அவர் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில், கூட வேலை செய்யும் நிலக்சன் என்பவர் அவரிடம் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார். நிலக்சனின் மைத்துனியும் பள்ளிப் பெற்றோரில் ஒருத்தி, அவளுக்கு வந்திருக்கிறது. நம்பிக்கையான நாற்பத்திரண்டு பேரும் தங்கள் நம்பிக்கைக்குரியவர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். படம் பக்கத்து நகரமான நியூரன்பெர்க்கையும் தாண்டிப் போய்விட்டது. நடேசன் வேலை உடுப்போடு மிதுசாவின் வீட்டுக்குப் போனார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே மைதானச் சாமான் அறையின் சாவியைக் கொடுத்தார்.

"கடுதாசி கேட்டனீ பிள்ளை. குடுத்தனான். இனி என்ன குடுக்கிறது?" என்று மட்டும் கேட்டாராம்.

மிதுசா வியாழக்கிழமை எல்லாப் பெற்றோரையும் கூடத்துக்கு வரச் சொன்னாள். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். பள்ளி ஆண்டு விழாவுக்குக்கூட அத்தனை பேர் நேரத்துக்கு வந்ததில்லை. கிருஷ்ணமூர்த்தி முன் வரிசையில், மடிக்கணினியோடு. விளக்கப்படம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. தலைவர் பரராசசிங்கம் ஓரத்து நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

மிதுசா அட்டவணையின் அசல் தாளை எடுத்துக் கையில் பிடித்தாள்.

"இதைத்தான் அண்ணை படம் பிடிச்சனீங்கள்?"

"எஸ். அதான்."

"உங்கடை விரல் நிண்ட இடத்திலை என்ன எழுதிக் கிடக்கெண்டு வாசிக்கட்டோ?"

"அதுல கொஞ்சம் கட் ஆயிடுச்சு, பட் மெயின் பாயின்ட்..."

"'பதிவு எதுவும் இல்லை.' அதுதான் எழுதிக் கிடக்கு. நடேசன் அண்ணைக்கு ஒரு குற்றமும் இல்லை எண்டு அரசாங்கம் எழுதிக் குடுத்திருக்கு. அதை நான் என்ரை கண்ணாலை பாத்து எழுதினனான்."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். கிருஷ்ணமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓகே, பட் லிஸ்ட்ல ஏன் அவர் பேர் மட்டும் இருக்கு? அதுக்கு ஆன்ஸர் இல்லையே."

"இருக்கு அண்ணை. அவர் மட்டும்தான் போய் எடுத்துக்கொண்டு வந்தவர். மற்ற எட்டுப் பேரும் எடுக்கேல்லை. அதிலை நீங்களும் ஒரு ஆள்."

ஓரத்து நாற்காலியில் பரராசசிங்கம் கண்ணைத் திறந்து மறுபடியும் மூடிக்கொண்டார்.

பிறகு மிதுசா எல்லோருக்கும் விளக்கினாள். இந்த விளக்கத்தை நாங்கள் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடத்தில் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். இந்த நாட்டில் அக்கம்பக்கத்தார் தேடிப் பார்க்கும் பட்டியல் கிடையாது. தண்டனை பெற்றவர்களின் விவரம் மத்தியப் பதிவேட்டில் இருக்கும். அதை நானோ நீங்களோ திறந்து பார்க்க முடியாது. விடுதலையாகி வந்தவர்களில் ஆபத்தானவர்கள் என்று கருதுபவர்களைக் காவல்துறை தனக்குள்ளே கண்காணிக்கும், தெருவுக்குச் சொல்லாது. பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவர்தான் போய்த் தன்னைப் பற்றிய சான்றிதழை எடுத்துவர வேண்டும். பள்ளியை நடத்தும் சங்கம் எழுதிக் கொடுத்தால் விரிவான சான்றிதழ் கிடைக்கும். தொண்டர்களுக்கு இலவசம். தாள் அவருடைய வீட்டுக்குத்தான் வரும். சங்கம் அதைப் பார்க்கலாம், தேதியையும் பதிவு இல்லை என்பதையும் குறிக்கலாம், நகல் எடுத்து வைக்கக் கூடாது. சில வருடம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும்.

"அப்போ நம்ம பக்கத்து வீட்டுல யார் இருக்காங்கன்னு நமக்குத் தெரியவே தெரியாதா?" என்று கிரிஜா கேட்டாள். அவள் குரலில் நிஜமான பயம் இருந்தது. அது எனக்கும் உண்டு.

"தெரியாது அக்கா. பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியாது. ஆனால் உங்கடை பிள்ளையைக் காரிலை ஏத்துறவரைப் பற்றிக் கேக்கலாம். நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. நான் எட்டுப் பேரையும் கேட்டனான், ஆரும் எடுத்துத் தரேல்லை."

"நம்ம ஆளுங்களை எப்படிம்மா கேக்கறது? தப்பா நினைப்பாங்க" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"நடேசன் அண்ணையை மட்டும் தப்பா நினைக்க ஏலுமாயிருந்ததோ?"

ஒரு அம்மா, தனக்குள் சொல்வது போல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "நெருப்பில்லாம புகையுமா?" என்றார்.

"புகை போட்ட ஆள் முன்னுக்குத்தான் இருக்கிறார் அக்கா" என்றாள் மிதுசா.

சிலர் சிரித்தார்கள். கிருஷ்ணமூர்த்தி எழுந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"லுக், என் இன்டென்ஷனைப் பாருங்க. நான் பண்ணது பிரிகாஷன். ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? நான் தப்பா இருந்தா ஒருத்தருக்கு வருத்தம். நான் கரெக்டா இருந்து சும்மா இருந்தா? யோசிங்க. இந்த நாட்டுல ஒரு ப்ராப்பர் ரெஜிஸ்ட்ரி இருந்திருந்தா இந்தக் கன்ஃப்யூஷனே வந்திருக்காது."

கைதட்டல் வரும் என்று ஒரு கணம் நின்றார். சுகன்யாதேவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவரைப் பார்த்து அருவருப்பாக இருந்தது. அதைவிட, மகளுக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பிய என் விரலை வெட்டிப் போடலாம் போல இருந்தது. நான் எழுந்து, "நானும் பொய் சொல்லி மகளை நிறுத்தினேன்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இன்னும் மூன்று காய்ச்சல்காரர்கள் எழுந்தார்கள். கிரிஜா எழவில்லை.

"இப்ப என்ன செய்யிறது?" என்றார் பரராசசிங்கம், முதல் முறையாக வாயைத் திறந்து. "ஸ்டுட்கார்ட்டுக்கு நாளைக்குள்ளை பெயர் குடுக்கோணும். பயிற்றுநர் இல்லாமல் பிள்ளையளை ஓட விடாங்கள்."

"ஸ்டுட்கார்ட்டை விடுங்கோ மாமா" என்றாள் மிதுசா. "அந்த மனிசன் வேலைக்குப் போய்ப் பத்துப் பேருக்கு முன்னாலை இந்தப் படத்தைப் பாத்தவர். அவர் திரும்பி அந்த மைதானத்திலை வந்து நிண்டால்தான் சனம் நம்பும், அவர் ஒண்டும் செய்யேல்லை எண்டு. வராட்டி, ஆள் ஓடிட்டுது எண்டுதான் காலம் முழுக்கக் கதைப்பினம். நாற்பத்திரண்டு பேருக்கும் திருத்தி அனுப்புங்கோ அண்ணை, இப்பவே. பிறகு அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கோ. வரச் சொல்லிக் கேளுங்கோ."

திருத்தம் அனுப்ப கிருஷ்ணமூர்த்திக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். 'ஒரு சிறிய தெளிவு' என்று தொடங்கினார். "சிறிய என்பதை எடுங்க" என்றேன். எடுத்தார். 'தகவல் முழுமையாகக் கிடைக்காததால்' என்று எழுதினார். "தகவல் முழுமையாத்தான் இருந்தது, உங்க விரல்தான் மறைச்சது" என்றேன். முறைத்தார். கடைசியில், நடேசன் மீது எந்தக் குற்றமும் இல்லை, நான் அனுப்பியது தவறு என்ற இரண்டு வரி போனது. கீழே கைகூப்பும் பொம்மை ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

"அவருக்கும் ஒரு மெசேஜ் போட்டுடறேனே. டீசன்ட்டா, டீட்டெயிலா எழுதறேன்."

"பேரைக் கெடுத்தது மெசேஜிலை. மன்னிப்பை வாயாலை கேளுங்கோ" என்றாள் மிதுசா. "வீட்டு நம்பருக்கு எடுங்கோ. கைபேசியை அவர் செவ்வாய்க்கிழமையே நிப்பாட்டிப்போட்டார்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாலையும்தானே அனுப்பினனீங்கள்."

அவர் எண்ணைத் தட்டினார். மிதுசா கையை நீட்டி ஒலிபெருக்கியை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியது.

"என்ன சொல்லி ஆரம்பிக்கறது?" என்று கிருஷ்ணமூர்த்தி என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். "மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்னு சொல்லலாமா?"

"நான் கிருஷ்ணமூர்த்தி, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லுங்க."

"அவ்ளோ டைரக்டாவா?"

ஆறாவது மணி, ஏழாவது மணி. வேலைக்குப் போகும் நேரம் இது இல்லை என்று நிலக்சனின் மைத்துனி யாரிடமோ சொன்னாள். வீட்டில்தான் இருப்பார். வெளிச்சம் தெரிந்ததாம், அவள் வரும்போது பார்த்தாளாம். யார் எண் என்பது அந்தப் பழைய போனின் திரையில் தெரியும் என்று வேறொருவர் சொன்னார். பத்தாவது மணி. கிருஷ்ணமூர்த்தியின் நெற்றி வியர்த்திருந்தது. பிறகு, மெல்ல, அவருடைய முகத்தில் அந்தப் பழைய களை திரும்புவதைப் பார்த்தேன். ஏதோ கண்டுபிடித்துவிட்ட களை.

"பாருங்க" என்றார் எல்லோரையும் திரும்பிப் பார்த்து. "எடுக்கவே மாட்டேங்கறார். ஒண்ணும் பண்ணாதவர்னா எடுத்துப் பேசலாம் இல்ல? நான் எதுவும் சொல்லல. ஜஸ்ட் கேக்கறேன்."

பின்வரிசையில் இரண்டு தலைகள் ஆடின. நான் எண்ணினேன், இரண்டு. அவர் சிவப்புப் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனார். மிதுசா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"வைக்காதேங்கோ" என்றாள். "அடிக்கட்டும்."

போன் அடித்துக்கொண்டிருந்தது.